இரசம் பூசிய முகங்கள்

கண்ணாடிக்கு இரசம் பூசுதல் என்பது எமது மக்களின் வழக்கிலே நெடுங்காலமாக நிலைத்துவிட்ட ஒரு சொற்றொடராகும். முகம் மங்கலாகத் தெரிந்தால் இரசம் போன கண்ணாடி என்போம். முற்காலத்திலே வெள்ளீயத் தகட்டோடு இரசத்தைச் சேர்த்தே கண்ணாடியின் பின்புறத்தை அமைத்தனர். அத்தொழிலில் ஈடுபட்டோர் இரசத்தின் ஆவியைச் சுவாசித்துக் கைகால் நடுக்கத்தோடு வாழ்ந்து மடிந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வெள்ளி பூசும் முறை கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே அத்தொழிலாளருக்கு விடிவு பிறந்தது. இன்று கண்ணாடியிலே இரசம் இல்லை. சொல் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆனால் அக்கண்ணாடியின் முன்னே நிற்கும் பெண்ணின் முகத்தில் இரசம் பூசப்படுகிறது என்று கூறினால் எம்மிற் பலர் நம்பமாட்டார்கள்.

தோலை வெண்மையாக்கும் பூச்சுகள் எனச் சந்தையில் விற்கப்படுவனவற்றுள் ஒரு பகுதியில் இரசத்தின் உப்புக்கள் சேர்க்கப்படுகின்றன. தோலின் நிறத்துக்குக் காரணமான மெலனின் என்னும் பொருள் உண்டாவதற்கு ஒரு நொதியம் தேவை. இரச உப்புக்கள் அந்நொதியத்தின் தொழிலைத் தடுத்துவிடுகின்றன. சில வாரங்களிலே தோல் வெளிறுகிறது. வாங்கியவள், கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்ததென மகிழ்கிறாள். அதே வேளையில் இரசம் தோலின் வழியே உட்சென்று சிறுநீரகத்தை அடைகிறது. சிறுநீரகப் பாதிப்பையே இதன் முதன்மையான தீங்காக உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. தோற்படை, தழும்பு, மனக்கலக்கம், நரம்புத் தளர்ச்சி என்பனவும் அந்தப் பட்டியலில் உள்ளன. இவ்வளவும் தெரிந்திருந்தும் உற்பத்தியாளர் இதனைச் சேர்ப்பதன் காரணம் எளிது: இரசம் மலிவானது, விரைவிலே பலன் காட்டுவது.

பல்கலைக்கழகத்திலே சங்க இலக்கியம் பயின்ற நாட்களில் மாமை என்ற சொல்லை நாம் அறிந்தோம். மாந்தளிரின் நிறத்தைக் குறிக்கும் அச்சொல், தலைவியின் மேனியழகைக் கூற வந்த சொல்லாகும். அம்மாமை கெட்டு மேனி வெளிறுவதைப் பசலை என்றனர். பசலை அழகன்று, பிரிவினால் வரும் நோய். திருக்குறளின் 119ஆம் அதிகாரமாகிய பசப்புறு பருவரல் முழுவதும் அந்நோய் பற்றியதே. பழம்புலவர் பொன்மேனியையும் பாடியுள்ளனர் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. எனினும் கருமை கலந்த மேனியை அழகென்று கூற அவர்கள் நாணவில்லை. நோயின் பெயராக இருந்த வெளிறல் எமது காலத்திலே அழகின் பெயராக மாறியது எவ்வாறு?

வெயிலிலே நின்று வேலை செய்யாதவனே உயர்ந்தவன் என்ற நிலவுடைமைச் சமுதாயத்தின் எண்ணமும், வெள்ளையரின் ஆட்சி விட்டுச்சென்ற அடிமை மனப்பான்மையும், சாதியை நிறத்தோடு பிணைத்துப் பார்க்கும் இழிவும் ஒன்றுசேர்ந்து இம்மாற்றத்தை விளைவித்தன. முதலாளித்துவம் அதனை விலைப்பொருளாக்கியது. மணமகள் தேவை என்ற விளம்பரங்களைப் பாருங்கள். படிப்புக்கும் சீதனத்துக்கும் பக்கத்திலே நிறமும் ஒரு தகுதியாக நிற்கிறது. 'பொதுநிறம்' என்று எழுதும் தந்தை ஒரு குறையை மெல்ல ஒப்புக்கொள்ளும் தொனியிலேயே எழுதுகிறான். இந்தச் சமுதாயத்திலே வாழும் ஒரு பெண் முகப்பூச்சை வாங்கினால் அதை அவளது அற்ப ஆசை என்று இகழ்வதற்கு எமக்கு என்ன உரிமை இருக்கிறது?

எமது உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியின் தமக்கை பட்டணத்துப் புடைவைக் கடையொன்றிலே விற்பனைப் பெண்ணாக வேலை செய்கிறாள். தந்தை மேசன், கூலி கிடைக்கும் நாள் பாதி, கிடைக்காத நாள் பாதி. கடையின் முன்பகுதியிலே நிற்கும் பெண்கள் வெள்ளையாக இருக்கவேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டம். பின்னாலே நின்று துணி மடிப்பவர்களுக்குச் சம்பளமும் குறைவு. கூட வேலை செய்தவள் ஒருத்தி ஒரு சிறு குப்பியை அவளுக்கு விற்றாள். அதிலே உற்பத்தியாளரின் முகவரி இல்லை. சேர்மானங்களின் விபரம் இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை இருந்தது. பூசும்போது தங்கம், வெள்ளி நகைகளிலே படாமற் பார்த்துக்கொள்ளவேண்டுமாம்!

இவ்வெச்சரிக்கையின் பொருளை நாம் பின்னரே விளங்கிக்கொண்டோம். இரசம் தங்கத்தைத் தொட்டால் அதனோடு கலந்து அதன் நிறத்தைக் கெடுத்துவிடும். நகைகளில் படக்கூடாது என்று ஒரு பூச்சிலே எழுதியிருந்தால் அதில் இரசம் இருக்கலாம் என ஐயுறவேண்டும் என்று சுகாதார அறிஞர்கள் அறிவுறுத்துகின்றனர். தங்கத்தைக் காப்பாற்றும்படி சொன்ன வியாபாரி, அதனை அணிந்திருக்கும் உடலைக் காப்பாற்றும்படி சொல்லவில்லை.

ஆறேழு மாதங்களில் அப்பெண்ணின் கண்மடல்கள் வீங்கின. பின்னர் கால்கள் வீங்கின. சிறுநீரிலே புரதம் வெளியேறுவதாக வைத்தியசாலையிலே கண்டார்கள். என்ன பூசுகிறாய் என்று வைத்தியர் வினவ, மறுமுறை சென்றபோது குப்பியையும் எடுத்துச் சென்றாள். உடனே நிறுத்திவிடும்படி அவர் கூறினார். ஆனால் அந்தக் குப்பியைச் சோதிப்பதற்கு அங்கே வசதி இருக்கவில்லை. தலைநகரிலுள்ள ஓர் ஆய்வுகூடத்தில் நாம் விசாரித்தோம். ஒரு குப்பியைச் சோதிக்கும் கட்டணம் அதுபோன்ற பல குப்பிகளின் விலையிலும் மிகுதியாக இருந்தது. அக்குடும்பம் அதனைக் கொடுக்கக்கூடிய நிலையில் இல்லை. மருந்துக்கும் பஸ்ஸுக்குமே கடன் வாங்கியிருந்தார்கள். வீக்கம் மாதக்கணக்கிலே மெல்ல மெல்ல வடிந்தது. குப்பி சோதிக்கப்படவேயில்லை.

ஒருநாள் பாடம் முடிந்தபின் அம்மாணவி எம்மிடம் வந்து கேட்டாள்:

"சேர், அக்கா பூசின கிறீமுக்குள்ளை என்ன இருந்தது எண்டு ஆராலும் சொல்லேலுமோ?"

அந்த வினாவுக்கு எம்மிடம் விடை இல்லை. அப்பூச்சினால்தான் நோய் வந்தது என்று நாம் துணிந்து கூறமுடியாது, சோதனை நடைபெறவில்லை. சோதனை முடிவு இல்லாதபடியால் முறைப்பாடும் இல்லை. முறைப்பாடு இல்லாதபடியால் அதே குப்பி அதே கடைத்தெருவிலே இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. அறியாமையும் ஒருவகையில் வியாபாரியின் மூலதனமே.

அம்மாணவியின் வினாவை எமது பாடசாலை இரசாயன ஆசிரியரிடம் கொண்டு சென்றோம். இரசத்தை இங்கே பிடிக்க முடியாது என்று அவர் முதலிலேயே கூறிவிட்டார். ஆயினும் ஒப்பனைப் பொருளிலே ஈயம் இருப்பதைப் பற்றி மாணவர்களுக்கு ஒன்று காட்டலாம் என்றார். ஈயம் கரைந்த நீரிலே பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலை ஊற்றினால் பொன்மஞ்சளான வீழ்படிவு தோன்றும். அதைச் சூடாக்கினால் கரையும். ஆறவிட்டால் தங்கத் துகள்கள் சொரிவதுபோலப் படிகங்கள் இறங்கும். உயர்தர மாணவர் எல்லோரும் விரும்பிச் செய்யும் சோதனை அது. அந்த அழகிய துகள்களும் நஞ்சே என்று அவர் சொன்னபோது வகுப்பு அமைதியாயிற்று.

பின்னர் குங்குமத்தை எடுத்துக்கொண்டோம். முறைப்படி செய்த குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்த பொருள். அதிலே தேசிக்காய்ப் புளியை விட்டால் சிவப்பு நீங்கி மஞ்சள் நிறம் திரும்பிவிடும். மாணவர் தத்தம் வீடுகளிலிருந்து கொண்டுவந்த பொடிகளிற் பெரும்பாலானவை நிறம் மாறவில்லை. அவை மஞ்சளாற் செய்யப்பட்டவை அல்ல என்பது மட்டும் அதனாற் புலனாயிற்று. அவற்றின் சிவப்பு வெறும் சாயமா, அல்லது செவ்வீயம் எனப்படும் ஈய ஒட்சைட்டா என்பதை அச்சோதனை கூறாது. "மஞ்சளிலை செய்ததோ இல்லையோ எண்டு பாக்கலாம், மாஸ்ரர். ஈயம் கொஞ்சமாய்க் கலந்திருந்தால் அதைப் பிடிக்க இந்தக் குழாய் காணாது" என்றார் இரசாயன ஆசிரியர்.

இது வீண் ஐயமன்று. வட இந்தியர் சிந்தூரம் என அழைக்கும் செம்பொடியை அமெரிக்காவின் றட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் சோதித்து 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். நியூ யேர்சியில் 95 மாதிரிகளும் மும்பாய், புது தில்லி நகரங்களில் 23 மாதிரிகளுமாக 118 மாதிரிகள் வாங்கப்பட்டன. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கில் ஈயம் காணப்பட்டது. மூன்று மாதிரிகளிலே ஒரு கிராமுக்கு 10,000 மைக்கிரோகிராமுக்கு மேற்பட்ட ஈயம் இருந்தது. அதாவது பொடியின் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ஈயமே. தாயின் நெற்றியிலிருந்து உதிர்ந்து குழந்தையின் கைக்கும் வாய்க்கும் செல்லக்கூடிய பொடி அது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் செய்யும் தீங்கு மீட்கமுடியாதது.

அவ்வாறாயின் உண்மையான சோதனை எவ்வாறு நடைபெறுகிறது? பூச்சிலே சிறிதளவை எடுத்துச் செறிந்த நைத்திரிக்கமிலத்திலே சூடாக்கிக் கரைக்கின்றனர். கொழுப்பும் வாசனையும் அழிந்து உலோகம் மட்டும் கரைசலில் எஞ்சுகிறது. ஒவ்வொரு மூலகத்தின் அணுவும் தனக்கே உரிய ஒளியை உறிஞ்சும் இயல்புடையது. அக்கரைசலை ஆவியாக்கி அதனூடே குறித்த ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி குறைந்தது என அளந்தால் எவ்வளவு உலோகம் இருந்தது என்பது தெரியவரும். அவுஸ்திரேலிய விஞ்ஞானி அலன் வோல்சு 1950களிலே நடைமுறைக்குக் கொண்டுவந்த முறை இது. இன்று இதனிலும் நுண்ணிய கருவிகள் உள்ளன. கையிலே பிடிக்கக்கூடிய எக்ஸ்-கதிர்க் கருவி ஒன்றும் உண்டு. குப்பியின் மேல் அதனை நீட்டினால், உள்ளே இருக்கும் உலோகம் தன்னை அடையாளம் காட்டும் கதிரைத் திருப்பி வீசுகிறது. சில நிமிடங்களிலே, கடைவாசலிலேயே, ஐயத்துக்கிடமான குப்பியைப் பிரித்தெடுக்கலாம்.

இக்கருவிகள் தேடும் அளவு எவ்வளவு சிறியது என்பதையும் நாம் எண்ணிப்பார்க்கவேண்டும். தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு அழகுசாதனங்களுக்கு விதித்துள்ள எல்லை, ஒரு கிலோகிராமுக்கு இரசம் 1 மில்லிகிராம், ஈயம் 20, ஆசனிக்கு 5, கடமியம் 5 என்பதாகும். ஒரு கிலோகிராமில் ஒரு மில்லிகிராம் என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. எந்தக் கண் அதனைக் காணும்? எந்த மூக்கு அதனை முகரும்? பாரவுலோகங்களுக்கு மணமில்லை, வெண்பூச்சிலே கலந்துவிட்டால் நிறமுமில்லை. விலை உயர்ந்தது நல்லது, மலிவானது கெட்டது என்ற பொதுவிதியும் இங்கே துணைசெய்யாது. பார்த்து வாங்கு என்று பெண்ணுக்கு உபதேசிப்பவர்கள், பார்க்கமுடியாத ஒன்றைப் பார்க்கும்படி கேட்கிறார்கள்.

சோதித்தவர்கள் கண்டது என்ன? இரச எதிர்ப்பு இயக்கங்களின் கூட்டமைப்பொன்று 12 நாடுகளிலே வாங்கிய 158 பூச்சுகளைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டது. அவற்றுள் 95 பூச்சுகளில் இரசம் எல்லையை மீறியிருந்தது. எமக்கு அண்மையிலுள்ள கேரளத்திலே, மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கலிலுள்ள வைத்தியர்கள் 2021 யூலை முதல் 2023 செப்ரெம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் ஓர் அரிய வகை இருந்தது. அப்பதினைவரில் 13 பேர் தோலை வெளுப்பிக்கும் பூச்சுகளைப் பயன்படுத்தியவர்கள். அம்மாநில அரசு 2023இல் கடைகளிலே பரிசோதனை இயக்கமொன்றைத் தொடங்கியது. அனுமதிக்கப்பட்ட அளவின் 12,000 மடங்கு வரை இரசம் கொண்ட பொருள்கள் அகப்பட்டதாக 2025இல் அறிவிக்கப்பட்டது. தேடியபோது அகப்பட்டது, தேடாத இடத்தில் இல்லையென்று எவ்வாறு கூறலாம்?

பூசியவளோடு தீங்கு நின்றுவிடுவதும் இல்லை. 2010இல் அமெரிக்காவின் கலிபோர்னியா, வேர்ஜீனியா மாநிலங்களிலே, மெக்சிக்கோவிற் செய்யப்பட்ட பூச்சைப் பயன்படுத்திய குடும்பங்களைச் சோதித்தபோது, பூச்சைத் தொடாதவர்களின் உடலிலும் இரசம் காணப்பட்டது. துவாயிலும் தலையணையிலும் படிந்து, ஆவியாகி, தாயின் கையாலே குழந்தையின் கன்னத்துக்கும் அது செல்கிறது.

இந்த இடத்திலே யப்பானின் வரலாறு எமக்குப் பெரிய பாடமாகும். அங்கே வெள்ளீயம் எனத் தவறாக எண்ணத்தக்க ஈயவெண்பொடியை முகத்திலும் கழுத்திலும் பூசுவது நெடுங்கால வழக்கம். 1887இல் மெயிசி சக்கரவர்த்தியின் முன்னிலையிலே நடித்த புகழ்பெற்ற கபுக்கி நடிகர் நக்கமுரா புக்குசுக்கேயின் கால்கள் மேடையிலே நடுங்கின. அது ஈயநஞ்சின் விளைவெனக் கூறப்பட்டபோது நாடெங்கும் பேச்செழுந்தது. ஆனால் அக்காலத்திலே, பொடி பூசிய தாய்மாரின் மடியிலே வளர்ந்த கைக்குழந்தைகள் மூளைக்காய்ச்சல் போன்ற ஒரு நோயினால் மடிந்துகொண்டிருந்தார்கள். அதன் காரணம் அறியப்படவில்லை. தாயின் பொடியிலிருந்த ஈயமே அந்நோயின் காரணம் என்பதைக் கியோத்தோவைச் சேர்ந்த வைத்தியப் பேராசிரியர் ஹிராய் இக்குதாரோ 1923இலேயே நிறுவினார். தடை முழுமையானது 1930களிலேதான். சக்கரவர்த்தியின் முன்னே ஒரு நடிகர் நடுங்கியதை ஒரு நாளிலே நாடு கண்டது. தாய்மாரின் மடியிலே குழந்தைகள் இறந்ததன் காரணத்தைக் காண முப்பத்தாறு ஆண்டுகள் சென்றன.

இனி எமது நாட்டுக்கு வருவோம். இரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் நிறைவேறி 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதே 2017இல் இலங்கையும் அதனை ஏற்று உறுதிசெய்தது. இரசம் சேர்த்த அழகுசாதனங்கள் எல்லாவற்றையும் 2025ஆம் ஆண்டுடன் ஒழிப்பதென 2023இல் உறுப்பு நாடுகள் முடிவு செய்தன. அதே ஆண்டிலே கபோன், யமேக்கா ஆகிய நாடுகளோடு இலங்கையையும் சேர்த்து, வெண்மைப் பூச்சுகளிலிருந்து இரசத்தை நீக்குவதற்கான 140 இலட்சம் டொலர்த் திட்டம் ஒன்று ஐக்கிய நாடுகளின் துணையோடு தொடங்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் எமது சட்டநூல்களை நோக்குங்கள். 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரிலேயே மருந்துக்கும் சாதனத்துக்கும் முன்பாக அழகுசாதனம் இடம்பெற்றிருந்தது. அதனை நீக்கி 2015இல் வந்த 5ஆம் இலக்கச் சட்டமோ மருந்துகளை ஒழுங்குபடுத்தும் சட்டமெனவே பெயர் பெற்றது. மருந்துக்குக் காட்டும் கண்டிப்பு, நாள்தோறும் தோலிலே பூசும் பொருளுக்கும் வேண்டாமா?

எமது நண்பர்கள் சிலர் மாறாக வாதிடுகின்றனர். நிறவெறியை ஒழித்தால் பூச்சு தானே ஒழியும். ஆய்வுகூடம் கேட்பது கிளையை வெட்டும் வேலை, வேரை வெட்டுங்கள் என்பது அவர்களின் கூற்று. வேரை வெட்டவேண்டும் என்பதில் எமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. வகுப்பறையிலே மாமையைப் பற்றிப் படிப்பிக்கும்போதெல்லாம் அவ்வேரிலே ஓர் அடியாவது விழவேண்டும் என்பதே எமது நோக்கம். ஆனால் ஒரு சமுதாயத்தின் மனத்தை மாற்றுவதற்குத் தலைமுறைகள் வேண்டும். சிறுநீரகம் அவ்வளவு காலம் காத்திருக்காது. அன்றியும் குங்குமத்துக்கு நிறவெறி காரணமன்று. குழந்தையின் கண்ணுக்கு இடும் மைக்கும் அது காரணமன்று. விளக்குக் கரியிலே வீட்டில் மை கூட்டிய காலம் போய், எங்கோ செய்த மையை வாங்கும் காலம் வந்துவிட்டது. பொருளைச் செய்தவனை வாங்குபவள் அறியாத இச்சந்தையிலே, இருவருக்கும் இடையே பொதுமக்களின் சார்பாக நின்று சோதிப்பதற்கு ஒருவர் வேண்டும். அரசைத் தவிர அவர் வேறு யாராக இருக்கமுடியும்?

ஆகவே எமது கோரிக்கைகள் தெளிவானவை. தலைநகரோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு மாகாணத்திலும் பாரவுலோகச் சோதனைக்கான கருவியும் பயிற்சிபெற்ற ஊழியரும் இருக்கவேண்டும். வைத்தியசாலையிலிருந்து வரும் குப்பியைக் கட்டணமின்றிச் சோதிக்கவேண்டும். கடைகளிலே மாதிரி எடுத்து, முடிவுகளைப் பொருளின் பெயரோடு சிங்களத்திலும் தமிழிலும் வெளியிடவேண்டும். சேர்மானமும் முகவரியும் அச்சிடாத குப்பி எந்தத் தட்டிலும் இருக்க அனுமதிக்கக்கூடாது. தண்டனையும் கையிலே குப்பி வைத்திருக்கும் ஏழைப் பெண்ணோடு நின்றுவிடாமல், அதனை இறக்குமதி செய்தவனிடமும் செய்து விற்றவனிடமும் சென்றடையவேண்டும்.

ஆசிரியர்களாகிய நாமும் வாளாவிருக்கவேண்டியதில்லை. தேசிக்காய்ப் புளியும் குங்குமமும் எந்தப் பாடசாலையிலும் கிடைக்கும். அச்சோதனை எதைக் கூறும், எதைக் கூறாது என்பதை மாணவர் தம் கையாலே செய்து அறியட்டும். கூறாத பகுதியை யாரிடம் கேட்கவேண்டும் என்பதையும் அறியட்டும். எமது வகுப்பு மாணவர் இப்போது மாகாணச் சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். அந்தக் குப்பியும் மூடி இறுக்கப்பட்டு, பொலித்தீன் உறையிலே சுற்றப்பட்டு, இரசாயன ஆய்வுகூடத்து அலுமாரியிலே பூட்டப்பட்டிருக்கிறது. அதிலே இன்னும் பாதிப் பூச்சு மிச்சமிருக்கிறது. சோதிப்பதற்கு அது தாராளமாகப் போதும்.